யூகம் சரியாகத்தான் இருந்தது

அக்டோபர் 28, செவ்வாய்

தீபாவளிக்கு ஆபீசில் எல்லோருக்கும் ஒரு டைரி கொடுத்தார்கள். ஆண்டு முடியப் போகும்போது டைரி கொடுக்கிற கம்பெனி எங்களுடையது மட்டும்தான் இருக்கும். முதலாளி லெஸ்லிக்கு எங்கோ சல்லிசாகக் கிடைத்திருக்க வேண்டும். சும்மா கிடப்பானேன் என்று எழுதுகிறேன்.

மாவு புளித்துவிட்டது. தோசையாக ஊற்றினேன். தம்பி நன்றாகச் சாப்பிட்டான். கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

சிப்பைக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனில் ஒரு சோதனை தவறியிருக்கிறது. சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் இரண்டு கோர்களைச் சேர்த்து ஓடவிடும் சோதனை. வாரம் முழுக்க ஓடியவற்றில் அது ஒன்றுதான் தவறியது. மறுபடி ஓட்டினேன், தேறிவிட்டது. சர்வரில் ஏதாவது கோளாறாக இருக்கும்.

அக்டோபர் 30, வியாழன்

இன்று ஆபீசில் தம்பி சத்தமாகச் சிரித்தான். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. மற்றவர்களுக்கு அது சாதாரணம்.

நாங்கள் தரமணியில் ஒரு சின்னக் கம்பெனி. சிப் வடிவமைக்கிறோம். லெஸ்லி டிக்ரூஸ் முதலாளி. தூத்துக்குடிக்காரர், எதற்கும் குரலை உயர்த்தாதவர். தம்பி கழுகாசலம் வடிவமைத்த ஒரு பகுதியை நம்பித்தான் கம்பெனியே நடக்கிறது. அவன் செய்ததை உடைக்க முடிகிறதா என்று பார்ப்பது என் வேலை. 'உடன்பிறந்தவளே உடைக்கிறாள்' என்று லெஸ்லி கேலி செய்வார்.

அம்மா போனில், "அவன் என்னதான்த்தா கண்டுபிடிச்சிருக்கான்?" என்று கேட்டாள். சொல்லிப் பார்த்தேன். ப்ராசசர் வேகமானது, நினைவகம் மெதுவானது. ஒரு எண் வேண்டுமென்று கேட்டுவிட்டு, அது வந்து சேரும்வரை ப்ராசசர் சும்மா நிற்க வேண்டியிருக்கிறது. தம்பியின் பகுதி நிற்பதில்லை. இதுவரை வந்த எண்களின் போக்கைப் பார்த்து, வரப்போவது இதுதான் என்று யூகித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்துவிடும். உண்மையான எண் வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் அவ்வளவு நேரம் மிச்சம். ஒத்துப்போகாவிட்டால், யூகத்தை வைத்துச் செய்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்யும். ஆகவே யூகம் தவறினாலும் விடை தவறாது.

"விடை தப்பாதுன்னா சரித்தா," என்றாள் அம்மா. "அவனுக்கு மோர்க்குழம்பு வச்சுக் குடு."

அக்டோபர் 31, வெள்ளி

அந்தச் சோதனை இன்று மறுபடி தவறியது. தம்பியிடம் சொல்லவில்லை. முதலில் எனக்குப் புரியட்டும்.

நவம்பர் 3, திங்கள்

புரிந்துவிட்டது.

எழுதிப் பார்த்தால் ஒருவேளை நான் நினைத்தது தப்பென்று தெரியலாம். எழுதுகிறேன்.

முதல் கோர் ஓர் இடத்தில் புதிய தகவலை எழுதுகிறது. எழுதி முடித்த பிறகு, 'தகவல் இந்த முகவரியில் இருக்கிறது' என்று ஓர் அறிவிப்பு வைக்கிறது. இரண்டாவது கோர் அறிவிப்பைப் படித்துவிட்டு அந்த முகவரிக்குப் போய்த் தகவலை எடுக்க வேண்டும். ஆனால் தம்பியின் பகுதி அறிவிப்பு வரும்வரை நிற்பதில்லையே. முகவரியும் ஓர் எண்தானே, அதை யூகித்துக்கொண்டு முன்கூட்டியே போய்விடுகிறது. அப்போது அங்கே புதிய தகவல் இன்னும் எழுதப்படவில்லை. பழையதை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அறிவிப்பு வருகிறது. ஒப்பிட்டால், யூகித்த முகவரியும் வந்த முகவரியும் ஒன்று. சரி என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறது.

யூகம் தவறியிருந்தால் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுத் திரும்பச் செய்திருக்கும், பிழைத்திருக்கும். யூகம் சரியாக இருந்ததால் கையில் இருப்பது பழைய தகவல் என்று யாருக்கும் தெரியாமல் போகிறது.

நான் நினைத்தது தப்பில்லை.

லேப்டாப்பை மூடிவிட்டுக் கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வரும் வழியில் கீரை வாங்கினேன்.

நவம்பர் 4, செவ்வாய்

இன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

அம்மா போன் செய்தாள். வழக்கமான கேள்விகள்.

"தம்பி மாத்திரை சாப்டுறானா?"

"சாப்டுறான்மா."

"நீ பாக்கத்தான சாப்டுறான்?"

"ஆமாம்மா."

மாத்திரைப் பட்டைகளை என் கைப்பையில்தான் வைத்திருக்கிறேன். அவனிடம் இருந்தால் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவான். காலையில் ஒன்று கொடுப்பேன். டாக்டர் எழிலரசி ஆகஸ்டிலேயே அளவைக் குறைத்துவிட்டார். நன்றாக இருக்கிறான் என்று அவரே சொன்னார்.

குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்தே கிடக்கிறது. ஆசாரியைக் கூப்பிட வேண்டும். எப்போதும் மறந்துவிடுகிறது.

நவம்பர் 8, சனி

அமெரிக்காவில் அவன் வேலை பார்த்த கம்பெனியிலும் இதே யோசனையைத்தான் செய்துகொண்டிருந்தான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் நிர்வாகம் மாறியது, அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். அது போன வருஷம் பிப்ரவரி. மார்ச்சில் அவனுடைய அறைத் தோழன் எனக்குப் போன் செய்தான். நான் போய், ஆஸ்பத்திரியில் அவன் எழுந்து நடக்கும்வரை இருந்து, அழைத்துவந்தேன்.

அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 10, திங்கள்

நானே சரிசெய்துவிட முடியுமா என்று நான்கு நாட்களாகப் பார்க்கிறேன். அவன் எழுதிய நிரலை ஒரு பிரதி எடுத்து என் கணினியில் தனியாக வைத்திருக்கிறேன். யூகத்தை வைத்து எடுத்த ஒவ்வொரு தகவலையும் கடைசியில் ஒருமுறை திரும்ப எடுத்துப் பார்க்கும்படி மாற்றினேன். பிழை போய்விட்டது. கூடவே வேகமும் போய்விட்டது. அவன் பகுதியை அப்படியே அணைத்து வைத்தால் எவ்வளவு வேகமோ, அதைவிடக் கொஞ்சம் குறைவு.

இன்னும் நல்ல வழி இருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கூடியவன் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருக்கிறான். ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும். இந்த மாதக் கடைசியில் வடிவமைப்பைத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். டேப்-அவுட் என்பார்கள். அதற்குப் பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. சிலிக்கானில் அச்சாகிவிடும்.

அணைத்து வைக்க வழி இருக்கிறது. ஸ்விட்ச் போலிருக்கும் ஒரே ஒரு பிட்டைப் பூஜ்யமாக்கினால் போதும். சிப் ஒழுங்காக ஓடும், ஊரில் இருக்கிற மற்ற சிப்களைப் போல. அவனுடைய பகுதி உள்ளே செத்துக் கிடக்கும்.

"என்னக்கா, முகமே சரியில்ல?" என்றான்.

"பல்லு வலி."

"டாக்டர்ட்ட போ. எனக்கு மட்டும் நாள் தவறாம ஞாபகப்படுத்துற."

நவம்பர் 13, வியாழன்

கூட்டம். லெஸ்லி வரிசையாக ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார்.

"செண்பகம், உன் பக்கம் பக், தப்பு ஏதாவது பாக்கி இருக்கா?"

"இல்ல."

"உறுதியா? நீ கையெழுத்துப் போட்டா நான் கண்ண மூடிட்டு அனுப்பிருவேன்."

"ஒண்ணும் இல்ல, லெஸ்லி."

தம்பி எதிரே உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் படுத்துவிட்டேன். மதியம் சாப்பிட்ட தயிர்சாதம் சரியில்லை.

நவம்பர் 17, திங்கள்

இந்தச் சிப்பை முதலில் வாங்கப்போகிற கோயம்புத்தூர்க் கம்பெனியிலிருந்து ஷாஹிதா என்ற பெண் வந்திருந்தாள். ஆஸ்பத்திரிகளில் நோயாளியின் தலைமாட்டில் வைக்கிற மானிட்டர் செய்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாடித்துடிப்பு, ஆக்சிஜன் எல்லாம் காட்டுமே, அது.

தம்பி பலகையில் வரைந்து விளக்கினான். எப்படி விளக்கினான்! ஒரு காகிதம் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை தடுமாறவில்லை. ஷாஹிதா குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்தாவது படிக்கும்போது கோவில்பட்டி பள்ளிக்கூட மேடையில் நின்றானே, அதே முகம்.

டீ குடிக்கும்போது நான் ஷாஹிதாவிடம் கேட்டேன். "உங்க மெஷின்ல ரெண்டு கோரும் என்ன வேலை செய்யும்?"

"ஒண்ணு சென்சார்ல வர்றத வாங்கி எழுதிட்டே இருக்குங்க. இன்னொண்ணு அத எடுத்து ஸ்க்ரீன்ல காட்டும், அலாரம் அடிக்கணுமான்னு பார்க்கும்."

அதேதான். என் சோதனை தவறிய அதே அமைப்பு.

"ஒரு தடவை புது நம்பருக்குப் பதிலா பழைய நம்பர் வந்துட்டா?"

"ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாதுங்க, அடுத்த நம்பர் உடனே வந்துரும். ஆனா சில அலாரம் அந்த ஒரு நம்பரைப் பார்த்துத்தான் அடிக்கும். அது தவறிட்டா தவறினதுதான்." கோப்பையைக் கீழே வைத்தாள். "ஏங்க கேக்கறீங்க?"

"சும்மா. ஒரு டெஸ்ட் எழுதத்தான்."

தம்பி ஜன்னலோரம் நின்றிருந்தான். டீயை வாயருகே வைத்துக்கொண்டு குடிக்காமல் என்னையே பார்த்தான்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. ஆபீசுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவன் மட்டும் போனான். திரும்பி வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

முகம் தெரியாத ஒருவர் ஏதோ ஓர் ஊரில் கட்டிலில் படுத்திருக்கிறார். அவர் தலைமாட்டில் எங்கள் சிப். இப்படி நினைக்கக் கூடாதென்று எழுந்து பாத்திரம் கழுவினேன். கழுவி வைத்ததை எடுத்து மறுபடி கழுவினேன்.

நவம்பர் 20, வியாழன்

மழை விடவில்லை. பள்ளிக்கரணையில் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது. வாசற்படி வரை வந்துவிட்டது. அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றினேன். இரண்டாவது மாடி வசுமதி அக்கா படிக்கட்டில் நின்று, "ராத்திரிக்குள்ள உள்ள வந்துரும்மா. ரெண்டு பேரும் மேல வந்துருங்க" என்றார்.

"பரவாயில்லக்கா, சமாளிச்சுக்கிடுவோம்."

வீடு பார்க்கும்போதே தரகர் சொன்னார், மழைக்காலத்தில் கீழ்வீட்டில் தண்ணீர் ஏறும், மூன்றாவது மாடி காலியாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று. கீழ்வீடுதான் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். செடி வைக்கலாம்.

நவம்பர் 21, வெள்ளி

வசுமதி அக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையிலேயே தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. கட்டில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தோம். கரண்ட் போனது. மெத்தை நனைய ஆரம்பித்ததும் வசுமதி அக்கா இறங்கி வந்து, "என்ன பொண்ணும்மா நீ! மூழ்கிச் சாகறதுக்கா இங்க உக்காந்துருக்க?" என்று திட்டிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் அக்கா சமையலறையில் இருந்தார். நான் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் ஹாலில் தம்பி இல்லை. பால்கனிக் கதவு திறந்திருந்தது. ஓடினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பின்னாலிருந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன்.

"விடுக்கா," என்றான், திரும்பாமலே. "மழையப் பாக்கத்தான் வந்தேன்."

நான் விடவில்லை.

"இதுக்குத்தான கீழ்வீடு புடிச்ச?"

"செடி வைக்கலாம்னு..."

"ஒரு செடி வச்சியா?"

அவன் மெல்லத் திரும்பி என் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டான். கோபமாக இல்லை.

"அந்தக் கோயம்புத்தூர்ப் பொண்ணுகிட்ட எதுக்குப் பழைய நம்பரப் பத்திக் கேட்ட?"

"அது சும்மா..."

"அக்கா. நான் அன்னைலேர்ந்து அதையே யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நீ சும்மா எதுவும் கேக்க மாட்ட."

சொல்லிவிட்டேன். முழுவதும் சொன்னேன். அவன் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாரல் விழுந்து ஈரமாயிருந்த தரையில் விரலால் இரண்டு கோடுகள் இழுத்தான். முதல் கோர், இரண்டாவது கோர். ஒவ்வொரு படியாகக் குறித்துக்கொண்டு வந்தான். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"யூகம் சரி."

"ஆமா."

"எடுத்தது பழசு."

"ஆமாடா."

இழுத்த கோடுகளை உள்ளங்கையால் அழித்தான்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"மூணாம் தேதி."

"அப்ப கூட்டத்துல லெஸ்லிகிட்ட ஒண்ணும் இல்லன்னு சொன்னது?"

தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்துப் பிழிந்தேன்.

"எனக்காகவா?"

"சரி பண்ணிறலாம்னு பாத்தேன் தம்பி. முடியல."

"நான் என்ன செய்வேன்னு நீயே முடிவு பண்ணிட்ட." அப்போதுதான் எழுந்து நின்றான். "அந்த மெஷினுக்குப் பக்கத்துல படுத்திருக்கவன யாருக்கா பாத்துக்கிடுவா? நீ எனக்குக் காவல் இருக்கதுக்கு அவன் சாகணுமா?"

"அப்படிச் சொல்லாதடா."

"வேற எப்படிச் சொல்லச் சொல்ற?"

வசுமதி அக்கா டீயோடு வந்தார். இருவரும் வாங்கிக் குடித்தோம். அவன் அக்காவிடம் சர்க்கரை கொஞ்சம் கூடப் போடச் சொன்னான். சாதாரணமாகத்தான் கேட்டான்.

ஹால் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுக்கொள்ளப் போகிறேன். காற்று வரும்.

நவம்பர் 22, சனி

விழித்தபோது அவன் இல்லை. என்னைத் தாண்டித்தான் போயிருக்கிறான். எப்படித் தூங்கினேன்?

போன் அணைந்திருக்கிறது.

*

வேளச்சேரி வரை முழங்கால் தண்ணீரில் நடந்தேன். ஆட்டோ எதுவும் வரவில்லை. மீன்பாடி வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டார்கள். இப்போது ஆபீஸ். லெஸ்லி வண்டிச் சாவி எடுக்கப் போயிருக்கிறார்.

விடியற்காலையில் தம்பி அவருக்குப் போன் செய்திருக்கிறான். "பக் என்னன்னு சொன்னான். யூனிட்ட ஆஃப் பண்ணிட்டு அனுப்புங்கன்னு சொன்னான். ரொம்பத் தெளிவாப் பேசினான், செண்பகம்."

ரொம்பத் தெளிவாகப் பேசினான். மார்ச்சில் அந்த அறைத் தோழனும் இதைத்தான் சொன்னான். முந்தின நாள் ரொம்பத் தெளிவாகப் பேசினான், அதனால்தான் எனக்கு எதுவும் தோன்றவில்லை என்று.

லெஸ்லியிடம் சொன்னேன். அமெரிக்காவில் நடந்ததை முதல் தடவையாக வெளியாள் ஒருவரிடம், பெயர் சொல்லிச் சொன்னேன். தற்கொலை முயற்சி. இத்தனை நாள் அந்த வார்த்தை இந்த டைரியில்கூட இல்லை.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. "வண்டியில ஏறு" என்றார்.

*

திருவான்மியூர்க் கடற்கரை. பறக்கும் ரயில் நிலையங்கள் ஒவ்வொன்றும். ஒவ்வொன்றிலும் லெஸ்லி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். நான் இறங்கவில்லை. என்னால் பார்க்க முடியாது.

*

டாக்டர் எழிலரசியின் கிளினிக் போனை யாரும் எடுக்கவில்லை. தண்ணீர் புகுந்திருக்கும்.

அம்மா கூப்பிட்டாள். டி.வி.யில் பள்ளிக்கரணையைக் காட்டினார்களாம். "தம்பிகிட்ட குடுத்தா."

"குளிக்கிறான்மா."

"இந்த வெள்ளத்துலயா?"

"மேல்வீட்டுலம்மா. பெறகு பேசச் சொல்றேன்."

பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. இந்த மாதம் முழுக்கப் பழகியது.

*

போலீஸ் ஸ்டேஷன். என்ன சட்டை போட்டிருந்தான் என்று கேட்டார்கள். நேற்று என் கையில் கொத்தாகப் பிடித்திருந்த சட்டை. நிறம் ஞாபகம் வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

மூன்றாம் தேதியே சொல்லியிருந்தால் செய்த வேலை வீணானதே என்று வருத்தப்பட்டிருப்பான். இப்போது அதோடு என் பொய்யையும் சேர்த்துச் சுமக்கிறான். நான் என்ன காரியம் செய்துவிட்டேன்.

கடவுளே, அவனைக் கொடுத்துவிடு. வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

நவம்பர் 23, ஞாயிறு

இருக்கிறான்.

காலையில் லெஸ்லியின் வண்டியில் தேடிக்கொண்டிருந்தபோது ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து போன். டாக்டர் எழிலரசி வாரத்தில் சில நாள் பார்க்கிற ஆஸ்பத்திரி. "கழுகாசலம் நேத்துக் காலைல அவரே வந்து அட்மிட் ஆகிட்டாருங்க. இன்னைக்குத்தான் வீட்டுக்குச் சொல்லணும்னு கேட்டுக்கிட்டார்."

போன் கையிலிருந்து விழுந்துவிட்டது. லெஸ்லிதான் எடுத்துப் பேசினார்.

போனேன். வார்டில் ஜன்னலோரக் கட்டில். முகம் வீங்கியிருந்தது, தூங்கித் தூங்கி. பளாரென்று அறைய வேண்டும் போல இருந்தது. கால்மாட்டில் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லடா."

"சொன்னா நீயும் வந்திருப்ப."

"வந்தா என்ன?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "முந்தாநேத்து பால்கனில நிக்கும்போது மழையப் பாக்கத்தான் வந்தேன்னு சொன்னேன்ல? பாதி பொய். நீ சட்டையப் புடிச்சதும் அது நின்னுருச்சு. ஆனா நாளைக்கும் வரும்னு தெரிஞ்சுச்சு. நீ எத்தன நாளைக்குப் புடிச்சுக்கிட்டு நிப்ப? அதான் விடிஞ்சதும் கெளம்பிட்டேன். லெஸ்லிகிட்ட சொல்ல வேண்டியதச் சொல்லிட்டு, நேரா இங்க."

"நான் கூட்டிட்டு வந்திருப்பேனே."

"நானா வரணும்னு இருந்துச்சுக்கா. ஒரு நாளாவது நீ பாக்காத எடத்துல தூங்கணும்னும் இருந்துச்சு."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அது வழக்கம் போலிருக்கிறது.

நவம்பர் 24, திங்கள்

வீட்டைக் கழுவினேன். சேறு. மெத்தையைத் தெருவில் போட்டேன். அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று கேட்டுக்கொண்டாள். பிறகு, "நீ சாப்ட்டியாத்தா?" என்றாள்.

நவம்பர் 27, வியாழன்

சிப் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. தம்பியின் பகுதியை அணைத்து அனுப்பினார்கள். அந்தப் பிட்டைப் பூஜ்யமாக்கும் வேலையை லெஸ்லி என்னிடமே கொடுத்தார். ஒரே வரி. செய்தேன். சோதனைகள் எல்லாம் தேறின.

பிறகு அவர் அறைக்குக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"உன் நெலமைல நானும் அதையே செஞ்சிருப்பேனோ என்னவோ. ஆனா நான் கேட்டப்ப நீ இல்லன்னு சொன்ன. இனிமே நீ சரின்னு சொல்றத நான் எப்படி நம்புவேன்? உன் வேலையே அந்த ஒரு வார்த்தைதான, செண்பகம்."

"ஆமா."

"மாசக் கடைசியோட முடிச்சுக்கலாம்."

"சரி, லெஸ்லி."

"கழுகாசலம் எப்ப வேணும்னாலும் வரலாம்னு சொல்லு. அவன் எடம் அப்படியே இருக்கும்."

கோயம்புத்தூர்க்காரர்கள் வேகம் குறைந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லையாம். எங்கள் மெஷினுக்கு இந்த வேகமே அதிகம், அலாரம் ஒழுங்காக அடித்தால் போதும் என்று ஷாஹிதா எழுதியிருக்கிறாள். இதை மூன்றாம் தேதியே அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரையும் கேட்கத் தோன்றவில்லையே எனக்கு.

நவம்பர் 30, ஞாயிறு

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். பார்வையாளர் நேரம் தொடங்குவதற்கு முன்பே போய் வாசலில் நிற்கிறேன். செக்யூரிட்டி என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போடுகிறார்.

தம்பி பரவாயில்லை. நன்றாக இருக்கிறான் என்று எழுத மாட்டேன். நேற்றுப் பேசவே இல்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இன்று எழுந்து உட்கார்ந்திருந்தான். மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். கை லேசாக நடுங்குகிறது. சிப் போனதைச் சொன்னேன். "சரி" என்றான். என் வேலை போனதைச் சொன்னேன். அதற்குத்தான் நிமிர்ந்து பார்த்தான்.

"கோவமா இருக்கா, என் மேல?" என்று கேட்டேன்.

"இருக்கு." யோசித்துவிட்டு, "போகும்" என்றான்.

கிளம்பும்போது கூப்பிட்டான். "அக்கா, இனி தெனமும் வராத. புதன்கிழமை வா."

"ஏம்டா? நான் வந்து ஒண்ணும் பேச மாட்டேன். சும்மா உக்காந்துருக்கேன்."

"நீ சும்மா உக்கார மாட்ட. நான் எத்தன வாய் சாப்டேன்னு பாப்ப. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தேன்னு பாப்ப. அத வச்சு நாளைக்கு நான் எப்படி இருப்பேன்னு கணக்குப் போடுவ. அந்தக் கணக்குக்கு ஏத்த மாதிரி நானும் மொகத்த வச்சுக்கிடணும். முடியலக்கா."

டாக்டர் எழிலரசியிடம் போய்க் கேட்டேன். "அவர் சொன்னா கேளுங்கம்மா" என்றார். "ஏதாவது ஆச்சுன்னா?" என்றேன். "இங்க நாங்க இருக்கோம். ஒண்ணும் ஆகாதுன்னு என்னால எழுதித் தர முடியாது. உங்களாலயும் முடியாது" என்றார்.

டிசம்பர் 1, திங்கள்

மதியம் சேலை மாற்றி, தலை சீவி, பஸ் ஏறிவிட்டேன். பாதி வழியில், கிண்டியில் இறங்கினேன். எதிர்ப்பக்கம் போய்த் திரும்பும் பஸ்ஸுக்கு நின்றேன். இரண்டு பஸ்களை விட்டேன். மூன்றாவதில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன். கை தானாக இரண்டு பேருக்கு அரிசி அளந்தது. வேக வைத்துவிட்டேன், மீதியில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்.

பார்வையாளர் நேரம் முடிந்திருக்கும். இப்போது அவன் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாம். பக்கத்துக் கட்டில்காரரோடு பேசிக்கொண்டிருக்கலாம்.

எனக்குத் தெரியாது.